பத்து நிமிட ஜெர்மன்

ஆகஸ்ட் 4

தினமும் டைரி எழுத வேண்டும், அதையும் ஜெர்மன் மொழியில் எழுத வேண்டும் என்பது லிடியா மிஸ்ஸின் உத்தரவு. ஜெர்மனில் எனக்கு எழுத வருவது என் பெயர் தண்டபாணி, என் வயது முப்பத்தெட்டு, என் ஊர் கோயமுத்தூர் என்கிற மூன்றே வரிகள். அதை எழுதிவிட்டேன். நாளைக்கும் இதே பெயரும் இதே ஊரும்தான் இருக்கப்போகின்றன. அதனால் மிச்சத்தைத் தமிழில் எழுதுகிறேன். மிஸ் கேட்டால் நோட்டு மழையில் நனைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

வகுப்பு காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் நடக்கிறது. நர்சிங் முடித்த பெண்பிள்ளைகள் ஒரு கூட்டம், அவர்களுக்கு நடுவில் நான். மிஸ்ஸுக்கு இருபத்தாறு வயதுதான் இருக்கும். வகுப்பில் தமிழ் பேசினால் எழுந்து நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார். இன்றைக்கு நான் உட்கார்ந்திருந்த நேரம் கொஞ்சம்தான்.

இந்த வயதில் எனக்கு இந்த வேலை எதற்கு? என் மனைவி சுகந்தி நர்ஸ். இரண்டு வருடமாக ஜெர்மனியில் காசல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அவளோடு போய்ச் சேர வேண்டுமென்றால் புருஷனும் ஆரம்பநிலை மொழித் தேர்வு பாஸ் செய்து காட்ட வேண்டுமாம். நான் பத்தாம் வகுப்பையே மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கோட்டை விட்டவன். கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றுவதற்கு யாரும் என்னிடம் சர்டிபிகேட் கேட்டதில்லை.

சுகந்தியின் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. நான் பாஸ் ஆனால் அவள் புதுப்பிப்பாள், பெரிய வீடாகப் பார்ப்பாள், நான் கடையை விற்றுவிட்டுக் கிளம்புவேன். இது திட்டம். போட்டவர்கள் அவளும் என் மாமனாரும்.

ஆகஸ்ட் 9

இன்றைக்குத் தன்னறிமுகம். தேர்வில் முதல் காரியமே அதுதான்: பெயர், வயது, நாடு, ஊர், மொழி, வேலை, பொழுதுபோக்கு. வேலை வரைக்கும் சரளமாக வந்தேன். அங்கே இருமல் வந்துவிட்டது.

மிஸ் இடைவேளையில் தமிழுக்கு இறங்கி வந்தார். "அங்க போய் என்ன பண்ணப் போறீங்கண்ணா?"

"தெரியலீங்க மிஸ்."

"அப்ப ஹௌஸ்மான்னு சொல்லிருங்க. வீட்டப் பாத்துக்கற ஆம்பளைன்னு அர்த்தம். அங்க அதெல்லாம் சகஜம்."

அந்தப் பெண்பிள்ளைகள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சிரித்துத் தொலைத்திருப்பேன். மத்தியானம் மறுபடி சொல்லச் சொன்னார், மறுபடி இருமல். பேக்கரி அடுப்புப் புகைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 15

வகுப்பு லீவு. சமையலறைக் குழாய் ஒழுகியது, வாஷர் மாற்றினேன். ரசம் வைத்தேன், குடிக்கும்படி இருந்தது.

ஆகஸ்ட் 20

மிஸ் இன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணா, மத்தவங்களுக்கெல்லாம் பேசிப் பழக ஆளில்ல. உங்களுக்கு அங்கயே ஒரு ஆள் இருக்காங்க. தினமும் அக்காகூட பத்து நிமிசம் ஜெர்மன்ல மட்டும் பேசுங்க. தமிழ்ல ஒரு வார்த்த வரக்கூடாது. அப்புறம் எப்பவும்போலப் பேசிக்குங்க."

"அவளுக்கு நேரம் இருக்கணுமேங்க."

"பொண்டாட்டிக்குப் புருசன்கிட்டப் பேச நேரம் இருக்காதாங்க?"

இரண்டு வருடத்தில் எங்கள் பேச்சு எப்படி ஆகிவிட்டது என்பதை மிஸ்ஸிடம் சொல்ல முடியுமா? சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா, சாப்பிட்டேன். பிறகு மாமாவிடம் போனைக் கொடுத்துவிடுவேன்.

ஆகஸ்ட் 22

ஆரம்பித்துவிட்டோம். இங்கே சாயங்காலம் ஆறு மணி, அங்கே மத்தியானம், அவள் காலை ஷிப்ட் முடிந்து வீடு திரும்பிய நேரம். புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, எப்படி இருக்கிறாய் என்று ஜெர்மனில் கேட்டேன். அவள் தோள்பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். பிறகு "நிஷ்ட் குட்" என்றாள்.

நன்றாக இல்லை! எனக்குப் புரிந்துவிட்டது! அகராதி பார்க்காமல், மிஸ் துணையில்லாமல், ஒரு ஜெர்மன் வாக்கியம் என் மண்டைக்குள் நேராகப் போய் உட்கார்ந்தது. அந்த சந்தோஷத்தில் புத்தகத்தில் இருந்த அடுத்த கேள்வியைக் கேட்டேன்: உன் பொழுதுபோக்கு என்ன?

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாகிவிட்டது. பத்து நிமிடம் முடிந்ததும் தமிழில் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கறனுங்க, சும்மா சொன்னேன்" என்றாள்.

ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மனில் புருஷன் பெண்டாட்டி ஒருவரையொருவர் நீ என்றுதான் கூப்பிடுவார்களாம். பன்னிரண்டு வருடமாக ஏனுங்க, வாங்க, போங்க என்று பேசியவள் இன்றைக்கு என்னை நீ, நீ என்றாள். எனக்குப் பிடித்திருந்தது.

செப்டம்பர் 2

இன்றைய பத்து நிமிடத்தை அப்படியே மொழிபெயர்த்து எழுதுகிறேன், மிஸ் சொன்ன பயிற்சி.

நான்: இன்று என்ன செய்தாய்?
அவள்: வேலை. ஒரு பாட்டி இறந்துவிட்டார். நான் அவரைக் குளிப்பாட்டினேன்.
நான்: குடும்பம் வந்ததா?
அவள்: நீமாண்ட்.

அது என்ன வார்த்தை என்று தெரியவில்லை. அகராதியில் பார்த்தேன். யாருமில்லை என்று அர்த்தம். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மாமா வந்து உட்கார்ந்து, "அங்க குளுரு வந்துருச்சா அம்மிணி?" என்று ஆரம்பித்துவிட்டார். அவள் ஜன்னலைத் திறந்து வெளியே இருந்த ரோஜாச் செடியைக் காட்டினாள். சூப்பரா இருக்குப்பா, என்றாள்.

எனக்குக் குழப்பமாக இருந்தது. இரண்டு சுகந்திகள் இருக்கிறார்கள் போல.

செப்டம்பர் 11

மாமாவைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த தெருவில்தான் வீடு. காலையில் டீக்கடையில் உட்கார்ந்தால் "என்ற மக ஜெர்மன்ல" என்பதில்தான் எந்தப் பேச்சும் தொடங்கும். மழை வருமா என்று கேட்டாலும் ஜெர்மனியில் மழை எப்படிப் பெய்கிறது என்று சொல்வார். தெருவில் முதலில் வெளிநாடு போனது சுகந்தி.

எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒவ்வொரு விசேஷத்திலும் அதைக் கேட்பார்கள், அவளிடம் மட்டும் கேட்பார்கள். அவள் போனபிறகு அந்தக் கேள்வி நின்றுவிட்டது. சம்பளத்துக்காகப் போகிறேன் என்றுதான் அவள் சொன்னாள். நானும் அப்படியே எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 16

மிஸ் நேற்று நடத்திய பாடம்: நாஹ் ஹௌஸ, அதாவது வீட்டுக்கு. இன்று சாயங்காலம் சுகந்தி அதே வார்த்தையைச் சொன்னாள். நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள்.

சரி, பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அவள் தன் சமையலறையில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்றால் என்ன அர்த்தம்? மறுபடி கேட்டேன். மறுபடி அதையே, மெதுவாக, மிஸ் போல ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். வெங்காயத்தை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்.

தமிழுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன் சுகந்தி, வந்தர்றியா?"

"ஐயோ, அது பாடத்துல இருக்கற வாக்கியந்தானுங்க. பழகட்டும்னு சொன்னேன்."

பாடத்தில் அந்த வாக்கியம் இருப்பது உண்மைதான். பக்கம் பார்த்தேன்.

செப்டம்பர் 18

இரண்டு நாளாக ஒரே யோசனை. அவள் திரும்பி வந்தால் எனக்குத்தான் நல்லது. கடையை விற்க வேண்டாம், ஹௌஸ்மான் ஆக வேண்டாம். அதனால் எனக்கு வேண்டியது மட்டும் எனக்குப் புரிகிறதோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அரைகுறை மொழியை வைத்துக்கொண்டு பெண்டாட்டி மனதைப் படிக்கிறவன் என்னைத் தவிர யாராவது இருப்பானா?

வகுப்பு முடிந்ததும் மிஸ்ஸிடமே கேட்டேன்.

"மிஸ், கொஞ்சந்தான் பாஷ தெரிஞ்ச ஆளு, அடுத்தவங்க சொல்றதத் தப்பாப் புரிஞ்சுக்குவானுங்களா?"

"என்ன சொன்னாங்க அக்கா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், பாட்டியைக் குளிப்பாட்டியது உட்பட. மிஸ் போர்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த லெவல்ல நான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது என்னண்ணா? இருக்கு, இல்ல. வேணும், வேண்டாம். பிடிக்கும், பிடிக்காது. சுத்தி வளைச்சுப் பேசறதுக்கு வார்த்தையே இன்னும் வரல. இதுல தப்பாப் புரிஞ்சுக்க என்ன இருக்கு?"

"தமிழ்ல கேட்டா இல்லைங்கறாளேங்க."

"தமிழ்ல அக்காவுக்கு நெறைய வார்த்த தெரியும்ல."

எனக்கு மிஸ் மேல் கோபம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை. அவர் ஜெர்மனிக்கே போனதில்லை, எல்லாம் இந்த மாடியில் கற்றதுதான், அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தபடி பஸ் ஏறினேன். பஸ் மாறி ஏறிவிட்டேன். சிங்காநல்லூர் போய்த் திரும்பி வந்தேன்.

செப்டம்பர் 29

மாதிரித் தேர்வு. நூற்றுக்கு 74. பாஸ் ஆக 60 போதும்.

இன்னொரு தடவை எழுதுகிறேன். 74. மிஸ் என் தாளைத் தூக்கிக் காட்டி எல்லாரையும் கைதட்ட வைத்தார். பாஸ் ஆகிறவர்கள் படத்தைப் பெரிய பிளெக்ஸில் அடித்து பேக்கரி வாசலில் கட்டுவார்களாம், மார்க்கோடு. என் கல்யாணத்துக்குப் பிறகு என் முகம் பிளெக்ஸில் வந்ததில்லை. அதிலும் என் பேருக்குப் பக்கத்தில் மாலை படம்தான் போட்டிருந்தார்கள், மார்க் போடவில்லை.

மாமாவிடம் சொன்னேன். நேராக ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போய்க் கோட்டு போட்டுப் படம் எடுக்க வைத்தார். கோட்டு ஸ்டூடியோவுடையது. அக்குளில் இறுக்கிப் பிடித்தது.

அக்டோபர் 7

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மாமாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். சுகந்தி ஒருவேளை டிசம்பரோடு வந்துவிட்டால் என்ன?

"அவ ஆடி மாசமே எங்கிட்டக் கேட்டாளே" என்றார் மாமா. "நாந்தா சத்தம் போட்டேன். எல்லாரும் வேண்டாம்னப்ப ஒத்தக் கால்ல நின்னு போனவ. ரெண்டு வருசத்துல திரும்பி வந்தா தொரத்தி உட்டுட்டாங்கன்னுதானுங்க மாப்ள பேசுவாங்க. நீங்க போயிச் சேந்தாச் சரியாப் போயிரும்."

ஆடி மாதம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கடைக்குப் போய் ஒரு மோட்டாரைத் தப்பாகச் சுற்றி, பிரித்து, மறுபடி சுற்றினேன்.

அக்டோபர் 8

நான் (ஜெர்மனில்): எனக்குப் பயம்.
அவள்: என்ன பயம்?
நான்: அங்கே நான் நீமாண்ட்.

வேலை என்ற இடத்தில் வருகிற இருமல் இன்றைக்கு வரவில்லை. அவள் சொன்னாள்: நானும்.

பிறகு துண்டு துண்டாக, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல எனக்குப் புரிகிற வார்த்தைகளாகப் பொறுக்கிச் சொன்னாள். நான் வீட்டுக்கு வர வேண்டும். அப்பா வேண்டாம் என்கிறார். நீ தேர்வு பாஸ் இல்லை, நான் வருகிறேன், எல்லாருக்கும் சரி. பிட்ட.

பிட்ட என்றால் தயவுசெய்து. அதை மிஸ் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட்டார். புரியவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஆனாலும் புரியவில்லை என்றுதான் சொன்னேன். அவள் சரி என்றாள். தமிழுக்கு மாறி, கேஸ் புக் பண்ணிட்டீங்களா என்று கேட்டாள்.

அக்டோபர் 13

நான் கெட்டவனா? என் பெண்டாட்டி என்னிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறாள். பெயிலாகு என்கிறாள். உலகத்திலேயே எனக்கு நன்றாக வருகிற காரியம் அது. ஆனால் எனக்குப் பாஸ் ஆக வேண்டும் என்று இருக்கிறது. வெறியாக இருக்கிறது. டவுன் பஸ்ஸில் எதிர் சீட்டில் இருக்கிறவர் சட்டையை, செருப்பை, குடையை ஜெர்மனில் சொல்லிப் பார்க்கிறேன். குடைக்கு என்ன வார்த்தை என்று ஞாபகம் வராமல் நேற்று சாதம் இறங்கவில்லை.

அவள் வர வேண்டும். எனக்குப் பாஸும் வேண்டும். இரண்டும் எப்படிச் சேரும்?

அக்டோபர் 24

பத்து நிமிடம் பேசினோம். மழை, சூப், காலணி. இருவரும் பாடத்தை விட்டு நகரவில்லை.

நவம்பர் 8

தேர்வு முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

எழுத்துத் தாளைக் காலியாக வைத்துவிட்டு வருவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். சாமி சத்தியமாக அந்த முடிவோடுதான் போனேன். தாளைத் திருப்பினேன். முதல் கேள்விக்கு விடை தெரிந்தது. அதை மட்டும் எழுதலாம் என்று எழுதினேன். இரண்டாவதும் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் எனக்கு இப்படி ஆனதில்லை. தலைநிமிர்ந்து பார்த்தபோது எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. அழிக்கலாமென்றால் கையெழுத்து அவ்வளவு அழகாக வந்திருந்தது.

பேச்சுத் தேர்வில் தன்னறிமுகம். வேலை என்ன என்ற இடத்தில் தேர்வு நடத்திய அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மோட்டார் பழுது பார்க்கிறேன், பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன், எனக்கு அது பிடிக்கும் என்றேன். ஹௌஸ்மான் வாயில் வரவேயில்லை.

வெளியே வந்ததும் தெரிந்துவிட்டது, பாஸ். படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். சுகந்திக்குப் பெரிய துரோகம் செய்துவிட்டேன். ஆனாலும் பசித்தது, எதிர்க்கடையில் இரண்டு பரோட்டா சாப்பிட்டேன்.

நவம்பர் 9

தேர்வு எப்படி என்று ஜெர்மனில் கேட்டாள். தெரியாது என்றேன். பொய். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா இல்லையா என்று அவள் சொல்லியாக வேண்டும்.

நவம்பர் 20

81.

மிஸ்தான் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டுக் குதித்தார், நிஜமாகவே குதித்தார். கீழே பேக்கரியிலிருந்து எல்லாருக்கும் பன் வரவழைத்தார். "அண்ணா, அந்தக் கோட்டு போட்டோவ அனுப்புங்க. நட்ட நடுவுல போடறேன். உங்கள மாதிரி ஆளே பாஸ் பண்ணிட்டாருன்னு பாத்தாத்தான் நாலு பேரு தைரியமா வருவாங்க."

அந்த ஒரு நிமிடம் போதும் என்று தோன்றியது. அதற்குள்ளேயே வழியும் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் குழம்பியவனுக்கு இது ஏன் முன்பே தெரியவில்லை என்று கேட்டால், முன்பு என் கையில் 81 இல்லை.

"போட்டோ வேண்டாங்க மிஸ். எங்கூட்டுல நான் பெயிலுன்னு சொல்லப் போறேன்."

அவர் பன்னைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

"நான் பெயிலானாத்தான் அவ தலைநிமுந்து ஊருக்கு வர முடியுங்க. புருசனுக்குப் படிப்பு ஏறல, அதனால அவ வந்துட்டான்னு பேசிட்டுப் போறாங்க. அவள யாரும் தொரத்துனதா இருக்காது."

"அவ்வளவு கஷ்டப்பட்டுப் படிச்சுட்டு பொய் சொல்லப் போறீங்களா?"

"தமிழ்லதானுங்க மிஸ்."

மிஸ் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். அங்கிருந்து திரும்பாமலே, நடுவில் ஒரு இடத்தைக் காலியாக விட்டு பிளெக்ஸ் அடித்தால் அசிங்கமாக இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றேன். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த பிளெக்ஸில் இருக்க எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது.

நவம்பர் 21

சாயங்காலம் மாமா முதலிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். பெயில் என்றேன். எத்தனை மார்க்கில் என்று கேட்டார். நிறைய என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டு, "பத்தாவதே தாண்டாத ஆளுக்குப் பொண்ணக் குடுத்தது என்ற தப்பு" என்றார், என்னைப் பார்க்காமல். எனக்குச் சுருக்கென்றது. சட்டைப்பையில் இருந்த போனில் மிஸ் அனுப்பிய 81 இருந்தது. எடுத்துக் காட்டிவிடலாம் என்று கை ஒரு தடவை போனது, திரும்பி வந்துவிட்டது.

ஆறு மணிக்கு சுகந்தி திரையில் வந்தாள். மாமாவே சொன்னார். "மாப்ள கவுத்துட்டாரு அம்மிணி." அவள் என் முகத்தைத் தேடிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பரவால்லப்பா" என்றாள். "அவரு வர முடியாட்டி நான் மட்டும் இங்க இருந்து என்ன பண்றது? டிசம்பரோட வந்தர்றேன். உடுங்க, அவர ஒண்ணும் சொல்லாதீங்க."

மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "வேற வழி?" என்றார்.

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பி, ஜெர்மனில், தெளிவாக, மாமாவுக்கு முன்னாலேயே கேட்டாள்: எத்தனை மார்க்?

யோசிக்கக்கூட இல்லை. தமிழில் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். வாய் தானாக ஜெர்மனில் எண்பத்தொன்று என்றது.

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுவாத கண்ணு" என்று மாமா திரையை நோக்கிக் குனிந்தார். "மாப்ளைக்கு வந்த படிப்பு அவ்வளவுதா. நாம என்ன பண்ண முடியும்?"

ஆமாங்க மாமா என்றேன்.